ஒற்றைப் பொத்தானும் முப்பது எழுத்துகளும்

உடலின் பெரும்பகுதி இயங்காத ஒருவர் எழுத விரும்பினால் அவருக்கு என்ன தேவை? இக்கேள்விக்கு மருத்துவர் ஒரு பதிலும் பொறியாளர் ஒரு பதிலும் தரக்கூடும். தமிழ் படித்தவர்களிடமும் ஒரு பதில் இருக்கிறது. அவர்களை யாரும் கேட்பதில்லை, அவர்களாகவும் சொல்வதில்லை. கடுமையான இயக்கக் குறைபாடு உடையவர்களுக்கேற்பக் கணினியைத் தகவமைப்பது, தமிழைப் பொறுத்தவரை, பாதி பொறியியல், பாதி இலக்கணம். இந்த இரண்டாவது பாதியை நாம் இன்னும் தொடங்கவே இல்லை என்பது என் கருத்து. அதை விளக்கவே இக்கட்டுரை.

இலக்கிய வாசகர்களுக்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. பிரெஞ்சு இதழாசிரியர் ழான்-தொமினிக் போபி 1995 டிசம்பரில் பக்கவாதத்தால் தாக்குண்டார். இடது கண்ணிமையைத் தவிர ஏறக்குறைய எதையும் அசைக்க இயலாத நிலை. உதவியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமைப்பார். இப்படியே ஒரு நூலை முடித்தார். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்தது. அதே மாதம் அவர் மறைந்தார். 2007-இல் அது திரைப்படமாகவும் வந்தது. அயர்லாந்தின் கிறிஸ்டி பிரவுன் தம் இடது காலின் துணைகொண்டு எழுதிய தன்வரலாறு 1954-இல் வெளியானது. அதே நாட்டுக் கவிஞர் கிறிஸ்டோபர் நோலன் (திரைப்பட இயக்குநர் வேறு ஒருவர்) நெற்றியில் கட்டிய கோலால் தட்டச்சு விசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எழுதினார். 1987-இல் விட்பிரெட் பரிசு பெற்றார். மும்பையின் மாலினி சிப் ஒற்றை விரலால் தட்டச்சு செய்து எழுதிய தன்வரலாறு 2010-இல் ஆங்கிலத்தில் வந்தது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பெயர்கள் இப்படி வரிசையாக நினைவுக்கு வருகின்றன. இவற்றோடு வைத்துச் சொல்லத் தமிழில் எழுதிய ஒருவர் பெயர் நமக்கு உடனே வாயில் வருகிறதா? வரவில்லையென்றால், தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட உடலும் அப்படிப்பட்ட மனமும் இல்லை என்று பொருளாகாது.

போபியின் கதையில் பலரும் கடந்துபோய்விடும் செய்தி ஒன்றுண்டு. உதவியாளர் அவருக்குப் படித்துக்காட்டியது அகரவரிசை அன்று. பிரெஞ்சு மொழியில் மிகுதியாகப் பயிலும் எழுத்து முதலிலும், அரிதாகப் பயில்வது கடைசியிலுமாக அடுக்கிய வரிசை. அந்த நூலைச் சாத்தியமாக்கியவற்றுள் அந்த வரிசையும் ஒன்று. அதற்கு மின்சாரமோ மின்கலமோ தேவைப்படவில்லை. மொழியில் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்ற அறிவு மட்டுமே தேவைப்பட்டது.

* * *

கணினி இதைத்தான் வேறு வகையில் செய்கிறது. ஸ்டீபன் ஹாக்கிங்கை எடுத்துக்கொள்வோம். 1985-இல் மூச்சுக்குழாயில் செய்யப்பட்ட அறுவைக்குப் பின் அவருக்குப் பேச்சு முற்றிலும் போயிற்று. வால்ட் வொல்டோஸ் என்ற அமெரிக்கர், அதே வகை நோய்க்கு ஆளான தம் மாமியாருக்காக எழுதிய மென்பொருள் ஹாக்கிங்குக்குக் கிடைத்தது. திரையில் எழுத்துகளும் சொற்களும் இருக்கும். ஒளிர்கட்டம் ஒன்று வரிசை வரிசையாகத் தானே நகர்ந்துகொண்டிருக்கும். வேண்டிய வரிசைக்கு வரும்போது பொத்தானை அழுத்தினால் கட்டம் அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும். மீண்டும் அழுத்தினால் எழுத்து பதிவாகும். தொடக்கத்தில் கையால் அழுத்தினார். கை ஓய்ந்தபின் கன்னத் தசையின் அசைவைக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய உணர்கருவி பொத்தானாக எடுத்துக்கொண்டது. இன்டெல் நிறுவனம் அவருக்காக உருவாக்கிய மென்பொருளை 2015-இல் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது.

நகரும் கட்டம், ஒரு பொத்தான். அடிப்படை இவ்வளவுதான். உடலில் நம்பத்தகுந்த ஓர் அசைவு, புருவமோ முழங்காலோ பெருவிரலோ, எஞ்சியிருந்தால் போதும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று நினைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியோடு வரும் திரை விசைப்பலகையிலேயே இப்படிக் கட்டம் நகரும் வசதி இருக்கிறது. அதன் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பொத்தானுக்குப் பழைய மௌஸ் ஒன்று போதும். அதைத் திறந்து, இடது பொத்தானின் இரு முனைகளிலிருந்து இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து வெளியே எடுத்து, வீட்டு வாசலில் வைக்கும் காலிங் பெல் சுவிட்சில் இணைத்துவிட்டால், அந்தச் சுவிட்சை எதனால் அழுத்தினாலும் கணினிக்கு அது ஒரு சொடுக்கு. எங்கள் குன்னத்தில் செல்போன் பழுதுபார்க்கும் எவரும் அரைமணி நேரத்தில் செய்துவிடக்கூடிய வேலை. விரல்கள் நடுங்கிப் பக்கத்து விசைகளில் பட்டுவிடுபவருக்கு, விசைகளுக்கு நேராகத் துளையிட்ட ஒரு பலகையை விசைப்பலகைமீது பொருத்தலாம், தச்சர் செய்துவிடுவார். ஒரே விரலால் தட்டுபவர் ஷிப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தொட முடியாது. அவருக்காக, ஷிப்டைத் தொட்டுவிட்டால் அடுத்த விசை வரை அது அழுந்தியே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. விரல் நடுக்கத்தால் ஒரே எழுத்து நான்குமுறை விழுந்தால், மிகையானவற்றைப் புறக்கணிக்கும் வசதியும் உண்டு. இவை விண்டோஸில் பல ஆண்டுகளாக இருந்துவருகின்றன. கல்லூரிக் கணினிக்கூடங்களில் ஷிப்டைத் தவறி ஐந்துமுறை தட்டும்போது ஓர் அறிவிப்பு தோன்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். எரிச்சலோடு மூடியும் இருப்போம். அது இவர்களுக்கான கதவு.

பொறியியல் பாதி இப்படிப் பெரும்பாலும் முடிந்த வேலை. சிக்கல் தொடங்குவது தமிழில்தான்.

* * *

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1; ஆக 247. தமிழில் ஒற்றைப் பொத்தான் பலகை ஒன்று செய் என்று தமிழறியாத பொறியாளரிடம் சொன்னால், அவர் அரிச்சுவடி அட்டவணையை அப்படியே திரையில் ஏற்றிவிடுவார். அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதல் வரிசையில் உயிர்கள். அடுத்த பதினெட்டு வரிசைகளில் க முதல் ன வரை. ஒவ்வொரு மெய் வரிசையிலும் முதலில் புள்ளி எழுத்து, பின் அகரம் முதல் ஔகாரம் வரை பன்னிரண்டு. கட்டம் நொடிக்கு ஓர் இடம் நகர்வதாகக் கொள்வோம். ‘வணக்கம்’ என்று எழுத வேண்டும். ‘வ’ பதினைந்தாம் வரிசையில் இரண்டாம் இடம்: 17 நொடி. ‘ண’ 9, ‘க்’ 3, ‘க’ 4, ‘ம்’ 12. மொத்தம் 45 நொடி. ஒருமுறைகூடத் தவறாமல் அழுத்தினால்தான் இதுவும். தவறினால் அழிப்பதற்குத் தனி நேரம்.

இப்போது தொல்காப்பியர் முதலெழுத்தாக வைத்த முப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடுக்கும் முறையும் நம்மிடமே இருக்கிறது. முதல் வரிசை வல்லினம்: க ச ட த ப ற. இரண்டாவது மெல்லினம்: ங ஞ ண ந ம ன. மூன்றாவது இடையினம்: ய ர ல வ ழ ள. நான்காவது வரிசையில் புள்ளியும் குறில் ஐந்தும். ஐந்தாவதில் நெடில் ஏழு. ஆய்தம் கடைசியில். மெய்யைத் தொட்டால் அகரம் ஏறிய எழுத்து விழும். வேறு உயிர் வேண்டுமானால் அடுத்து அதைத் தொட வேண்டும். ஒரே எழுத்தை இருமுறை தொட்டால் முதலாவது தானே புள்ளி பெறும். இப்போது ‘வ’ 7 நொடி, ‘ண’ 5, ‘க’ 2, மீண்டும் ‘க’ 2, ‘ம’ 7, புள்ளி 5. மொத்தம் 28. ‘சோறு’ என்ற சொல் அரிச்சுவடி அட்டவணையில் 40 நொடி எடுக்கும், இதில் 29.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. அட்டவணையில் ‘சோறு’ எழுத நான்குமுறை அழுத்தினால் போதும். முப்பதெழுத்துப் பலகையில் எட்டுமுறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தமும் உடல் முழுவதையும் முறுக்கும் உழைப்பாக இருப்பவருக்குக் காத்திருத்தலே எளிது. அழுத்துவது எளிதாகவும் காத்திருப்பது களைப்பாகவும் இருப்பவருக்கு மற்றது. எது வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, முதலில் இரண்டும் இருக்க வேண்டுமல்லவா?

நம்மிடம் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரும் மெய்யும் அடிப்படை, இரட்டித்தால் தானே புள்ளி, மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் தானே புள்ளி ஆகிய விதிகள் அதில் உண்டு. வாயில் பிடித்த குச்சியால் தட்டுபவருக்கு, ஷிப்டை ஓயாமல் தேடும் பழைய தட்டச்சுப் பலகையைவிட இது பன்மடங்கு நல்லது. ஆனால் உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு என்று அது எழுத்துகளைப் பிரித்தது இரண்டு கைகளும் மாறிமாறி இயங்குவதற்காக. கையே இயங்காதவருக்கு அந்த அமைப்பால் பயனில்லை. திரை விசைப்பலகை அதே வரிசையைத்தான் காட்டுகிறது. கட்டம் அதில் அலைகிறது.

* * *

இலக்கணம் இன்னும் எவ்வளவு தூரம் உதவும் என்பதை இளங்கலை மாணவர்கள் படிக்கும் பகுதிகளிலிருந்தே காட்டலாம்.

மொழிமுதல் எழுத்துகள்: நன்னூல்படி பதினெட்டு மெய்களில் பத்து மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் வாரா. ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் கட்டம் இந்த எட்டையும் கடைசியில் தொட்டால் போதும். ‘டாக்டர்’, ‘ரயில்’, ‘லாரி’ என்பவை இன்றைய தமிழில் இருப்பதால் இவற்றை நீக்கிவிடக் கூடாது, பின்னால் தள்ளலாம்.

மெய்ம்மயக்கம்: க், ச், த், ப் ஆகியவற்றை அடுத்துத் தம் எழுத்தே வரும். ‘பக்தி’, ‘சப்தம்’ போன்ற வடசொற்கள் விலக்கு. ஙகரத்தைத் தொட்டவுடன் ‘ங்க’ என்று மென்பொருளே எழுதிவிடலாம்; ‘அங்ஙனம்’ எழுத விரும்புபவர் ஒருமுறை கூடுதலாக அழுத்தட்டும். மொழியிறுதி: ‘நம’, ‘சம’ போன்ற சிலவற்றை விட்டால் ‘ம’ என்ற உயிர்மெய்யில் முடியும் தமிழ்ச்சொற்கள் மிகக் குறைவு, ‘ம்’ என்று முடிபவை ஏராளம். ஆகவே மகரத்துக்குப் பின் இடைவெளி விட்டால் புள்ளி தானே விழலாம். ‘வணக்கம்’ 28-லிருந்து 23 நொடிக்கு இறங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிது பகுபத உறுப்பிலக்கணம். ஆங்கிலத்தில் சொற்களை முன்கூட்டியே ஊகித்துக் காட்டும் மென்பொருள்கள் ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. தமிழில் பட்டியல் முடிவதில்லை. ‘வீடு’ என்ற ஒரு பெயர் ‘வீட்டை’, ‘வீட்டிலிருந்து’, ‘வீட்டிலிருந்துதானே’ என்று நீண்டுகொண்டே போகும். ‘வா’ என்ற வினை எத்தனை வடிவம் எடுக்கும் என்று வகுப்பில் எண்ணச் சொன்னால் மாணவர்கள் மணியடிக்கும்வரை எண்ணுவார்கள். பட்டியலுக்குப் பதிலாக உறுப்புகளைக் காட்டினால் எப்படி இருக்கும்? ‘வருகிறார்கள்’ என்பதை எழுத்தெழுத்தாக முப்பதெழுத்துப் பலகையில் எழுத 24 அழுத்தங்கள். ‘வா’ என்ற பகுதிக்கு நான்கு, மூன்று காலங்களுள் ஒன்றுக்கு ஒன்று, விகுதிக்கு ஒன்று என்றால் ஆறில் முடிந்துவிடும். ‘வா’ ‘வரு’ ஆவது விகாரம். அதைக் கணினி பார்த்துக்கொள்ளும். சொற்களைப் பகுத்தறியும் தமிழ் மென்பொருள்கள் சென்னையின் ஆய்வு மையங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாயின. பகுப்பதைத் திருப்பினால் புணர்ப்பது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப்படும் பகுதி, விகுதி, இடைநிலைகள் ஒரு மனிதரின் உழைப்பில் முக்கால் பங்கை மிச்சப்படுத்தக்கூடியவை.

இந்தத் திசையில் சிந்தித்த ஒருவர் சென்னையிலேயே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக ‘ஆவாஸ்’ என்ற பேச்சுக் கருவியை உருவாக்கினார். 1985 முதல் சென்னையில் இயங்கிவரும் வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உருவான கருவி அது. படங்களைத் தேர்ந்தெடுத்தால் கருவி பேசும். ஒற்றைப் பொத்தானாலும் இயக்கலாம். 2011-இல் எம்.ஐ.டி.யின் தொழில்நுட்ப இதழ் தேர்ந்தெடுத்த இளம் கண்டுபிடிப்பாளர்களுள் அவரும் ஒருவர். பின்னர் கருவி கைக்கணினிச் செயலியானது. 2013-இல் அவர் விளக்கிய ‘ஃப்ரீஸ்பீச்’ என்ற முறையில், படங்களுக்கிடையே யார், எதை, எப்போது, எங்கே என்ற வினாக்களே உறவுகளாக நிற்கும். அவற்றிலிருந்து இலக்கண வழுவற்ற தொடரைக் கணினி கட்டும். வேற்றுமையியல் நடத்துபவர்களுக்கு இது மிகவும் அறிமுகமான வழி. எழுவாயும் செயப்படுபொருளும் வினைமுதலும் கருவியும் இடமும் என்று நாம் எட்டாகப் பிரித்து நடத்துவது வேறென்ன?

* * *

எழுத்தைத் தாண்டிப் பேச்சுக்கு வந்தால் இன்னொரு சிக்கல். வெளிநாட்டுப் படப்பலகைகளில் பாட்டிக்கு ஒரே படம். எங்கள் பக்கத்துக் குழந்தைக்கு அப்பாயி வேறு, அம்மாயி வேறு. ‘பிரதர்’ என்ற ஒரு படத்தை வைத்துக்கொண்டு அண்ணனையா தம்பியையா கூப்பிடுவது? ‘தண்ணீர் கொடுங்கள்’ என்று செய்தி வாசிப்பவரின் குரலில் கருவி பேசினால், தன் அம்மாவிடம் ஒரு பிள்ளை ஏன் இப்படிப் பேச வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கே தோன்றிவிடும். ‘தண்ணி குடும்மா’ என்று கருவிக்குச் சொல்லத் தெரிய வேண்டும். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுவதும், வட்டாரத்துக்கு வட்டாரம் உறவுப்பெயர்களைத் தொகுப்பதும் யாருடைய வேலை? வட்டார வழக்கில் ஆய்வேடு எழுதிய நூற்றுக்கணக்கானோர் நம் துறைகளில் இருக்கிறார்கள்.

குரலால் தட்டச்சு செய்யும் வசதி வந்துவிட்டதே, இனி பொத்தானும் கட்டமும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூகுள் தமிழ்க் குரல்தட்டச்சை 2017-இல் கொண்டுவந்தது உண்மை. தண்டுவடம் முறிந்து கைகள் செயலிழந்தும் பேச்சு தெளிவாக உள்ளவர்களுக்கு அது பெருங்கொடை. ஆனால் மூளை முடக்குவாதத்தில் கைகளை முடக்கும் அதே பாதிப்பு பலருக்கு நாவையும் இதழையும் முடக்குகிறது. அவர்கள் பேச்சு தாய்க்குப் புரியும், கணினிக்குப் புரியாது. இதற்கான முயற்சியும் தமிழில் நடந்திருக்கிறது. சென்னைக்கு அருகிலுள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள், முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் துணையோடு, பேச்சுத் தெளிவற்ற 20 பேரின் தமிழ்க் குரல்களைப் பதிவுசெய்தனர். அத்தொகுப்பு 2021-இல் வெளியிடப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் இருபது குரல்களை வைத்துக்கொண்டு தமிழ்நாடு முழுவதையும் கேட்டுவிட முடியாது.

* * *

இவையெல்லாம் சென்னையின் செய்திகள். குன்னத்திலிருந்து பார்த்தால் படம் வேறு.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி, பேச்சு அவர் அம்மாவுக்கு மட்டும் முழுதும் புரியும். இடது கைப் பெருவிரலின் கணுவால் கைபேசியில் எழுதுவார். தமிழைத்தான் எழுதுகிறார்; ஆனால் ஆங்கில எழுத்துகளில். ஏன் என்று கேட்டபோது, விசைகள் குறைவு, தவறு குறைவு என்று அவர் எழுதிக் காட்டிய பதில் வந்துசேரச் சில நிமிடங்களாயின. சின்ன வெங்காயம் பட்டறை போட்ட செய்தியை வெளியூரில் வேலைபார்க்கும் அப்பாவுக்கு அவர் அனுப்புவது ஆங்கில எழுத்தில். மழை வருவதற்கு முன் மக்காச்சோளத் தட்டைமீது வீசும் காற்றைப் பற்றி அவர் எழுதிவைத்திருக்கும் வரிகளும் ஆங்கில எழுத்தில். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள் என்று இளைஞர்கள்மீது நாம் எரிந்து விழுகிறோம். இவர்மீது எப்படி எரிந்து விழுவது? அவரை அங்கே தள்ளியது நாம் செய்யாமல் விட்ட பலகைதான்.

அவர் பன்னிரண்டாம் வகுப்பைச் ‘சொல்வதை எழுதுபவர்’ துணையோடு எழுதினார். சொல்வதே புரியாதபோது எழுதுபவர் என்ன எழுதுவார்? தேர்வில் கணினியைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது, அப்படி வழக்கமில்லை என்று பதில் வந்ததாக அவர் அம்மா சொன்னார். ஆனால் மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், விடையளிக்கும் முறையாகக் கணினியைத் தேர்ந்தெடுக்க முடிந்தவரை வாய்ப்பளிக்கச் சொல்லியிருந்தன. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் தரச் சொல்லியிருந்தன. மூன்று மணிநேரத் தேர்வு நான்கு மணிநேரமாகும். மேலே கண்ட ‘வணக்கம்’ என்ற சொல்லையே அளவாகக் கொண்டால், அரிச்சுவடி அட்டவணையில் இந்த நான்கு மணிநேரத்தில் 320 சொற்கள் எழுதலாம். முப்பதெழுத்துப் பலகையில் 514. உறுப்பிலக்கண முறை கைகொடுத்தால் அதற்கும் மேலே போகலாம். தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையே எழுத்துகளை அடுக்கிய முறை நிற்கிறது.

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மூளை முடக்குவாதமும் தசைச்சிதைவு நோயும் அதில் பெயர் குறித்தே இடம்பெற்றுள்ளன. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு சொன்னது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி அறிவிக்கப்பட்டது. கருவி கைக்கு வந்துவிடுகிறது. கையில்லாதவருக்கு அது எப்படி வந்துசேரும் என்பதுதான் விடுபடுகிறது. மடிக்கணினியோடு ஒரு பொத்தானும் ஒரு தமிழ்ப் பலகையும் சேர்ந்து வர எவ்வளவு கூடுதலாகச் செலவாகிவிடும்?

எத்தனை பேருக்காக இவ்வளவும் என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பதிவான மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அவர்களுள் ஒற்றைப் பொத்தான் தேவைப்படுவோர் சிறு பகுதியினரே. ஆனால் கல்வெட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் சிறு பகுதியினர்தான். அதற்காக நாம் கல்வெட்டியல் பாடத்தை நிறுத்திவிடவில்லை. இதற்குக் கணினி அறிந்தவர்கள் வரட்டும் என்று சொல்வதும் பொருந்தாது. அவர்கள் வந்துவிட்டார்கள். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்ற அட்டவணையைக் கேட்டு நிற்கிறார்கள்.

கிராமத்தில் இது நடக்காது என்ற ஐயத்துக்கும் விடை இருக்கிறது. கடற்படைத் தேர்வின்போது 1975-இல் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் அது. இன்று பல கிராமங்களுக்குச் சென்று பணிபுரியும் நிறுவனமாக அது வளர்ந்திருக்கிறது. ஆய்க்குடியில் முடிந்தது குன்னத்தில் ஏன் முடியாது?

தமிழ்த்துறைகள் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுபவை மிக எளியவை. முதலாவது, இன்றைய எழுத்துத் தமிழிலும் பேச்சுத் தமிழிலும் எழுத்துகளின் பயில்வு எண்ணிக்கையை, சொல்முதல், இடை, இறுதி என்று பிரித்துத் தொகுத்துப் பொதுவில் வைப்பது. முதுகலை மாணவர் ஒருவரின் திட்டக்கட்டுரைக்கு இது போதும். சங்க இலக்கியத்தில் பூக்களை எண்ணுவதற்கு ஆகும் உழைப்பைவிடக் குறைவாகவே ஆகும். இரண்டாவது, மாவட்டந்தோறும் அன்றாடப் பேச்சின் ஐந்நூறு தொடர்களையும் உறவுப்பெயர்களையும் ஒலிப்பதிவோடு தொகுப்பது. மூன்றாவது, இவற்றைக் கணினித்துறை நண்பர்களிடம் கொடுத்து, பக்கத்து ஊரில் இருக்கும் ஒரே ஒருவருக்காவது ஒரு பலகையைச் செய்து, அவர் சொல்கிறபடி திருத்துவது. மேலே நான் காட்டிய ஐந்து வரிசை அடுக்கும் ஒரு முன்மொழிவுதான். பயன்படுத்துபவர் ஒரே வாரத்தில் அதைக் கலைத்துப் போட்டுவிடக்கூடும், கலைக்கட்டும்.

‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லைத் துறந்து ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சொல்லை மாற்றுவதில் தமிழர்கள் என்றும் பின்தங்கியதில்லை. அந்தச் சொல்லால் குறிக்கப்படுபவர் தம்மைப் பற்றித் தாமே தமிழ் எழுத்தில் எழுதுவதற்கான வழியை அமைத்துத் தருவது அடுத்த வேலை. பக்கத்துக் கிராமத்து இளைஞர் காற்றைப் பற்றி எழுதிவைத்திருக்கும் வரிகளைத் தமிழில் பெயர்த்தெழுதித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம், பலகை வரட்டும், நானே எழுதிக்கொள்கிறேன் என்றார். வரும் கல்வியாண்டின் திட்டக்கட்டுரைத் தலைப்புகளை முடிவுசெய்யும்போது தமிழ்த்துறை நண்பர்கள் இந்தப் பதிலையும் நினைவில் கொள்ள வேண்டும்.